தண்டவாளம் யாருடைய சொத்து?



வரலாற்றுப் பாடத்தில் இரயிலைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நாம் ஒரே வாய்பாட்டைத்தான் ஒப்பித்து வருகிறோம். முதற்பாதை 1885இல் தைப்பிங்கில் அமைந்தது, ஈயம் ஏற்றுவதற்காக ஆங்கிலேயர் அமைத்தனர், தமிழர்கள் உழைத்தனர். மாணவர்கள் அதனைக் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், பிறகு மறந்தும்விடுகிறார்கள். அந்த மூன்று வரிகளுக்குள் ஒரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. அமைக்கப்பட்ட அந்தப் பாதை யாருடைய உடைமை?

"கேடிஎம் நிறுவனத்துக்குச் சொந்தம், வேறு யாருக்கு?" என்று உடனே சொல்லத் தோன்றும். அந்த விடை சரியானதன்று. நூற்று நாற்பது ஆண்டு மலாயா இரயில் வரலாற்றில் நிலத்தின் உரிமையாளர், தண்டவாளத்தின் உரிமையாளர், வண்டியை ஓட்டுபவர் ஆகிய மூவரும் பல வேளைகளில் வெவ்வேறு ஆட்களாக இருந்திருக்கின்றனர். இந்த உரிமைகள் கைமாறிய கதையை வரிசைப்படுத்திப் பார்த்தால், நம் சமூகத்துக்கும் பிள்ளைகளுக்கும் தேவையான ஒரு பாடம் அதில் கிடைக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இக்கட்டுரை.

மாநிலங்களின் பாதைகள்

தொடக்கத்தில் "மலாயா இரயில்வே" என்று ஒன்று இருந்ததே இல்லை. தைப்பிங்கையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் (இன்றைய குவாலா செபெத்தாங்) இணைத்த பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ எட்டு மைல். அது பேராக் மாநில அரசாங்கத்தின் உடைமை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிப் புக்கிட் கூடா வரை திறக்கப்பட்ட பாதை சிலாங்கூர் அரசாங்கத்தின் உடைமை. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் சென்ற பாதையோ சுங்கை ஊஜோங் இரயில்வே என்னும் தனியார் கம்பெனிக்குச் சொந்தமானது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று இணையாதவை. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து ஈயச் சுரங்கத்தையோ நகரத்தையோ தன் பக்கத்துத் துறைமுகத்தோடு சேர்ப்பதற்காக அமைந்தது. ஈய ஏற்றுமதி வரியால் மாநிலக் கருவூலம் நிறைந்தது. அந்தப் பணத்தில் பாதை நீண்டது.

1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் மாநிலங்களாயின. அதன்பின் 1901இல் மாநில இரயில்கள் ஒன்றாக்கப்பட்டுக் கூட்டு மலாய் மாநில இரயில்வே உருவாயிற்று. பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்பாதை 1903இல் நிறைவடைந்தது. போர்ட்டிக்சன் பாதையை அரசாங்கம் 1908இல் அந்தத் தனியார் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொண்டது.

ஜொகூரின் நிலை வேறு. அது கூட்டு மாநிலங்களில் சேராத தனி மாநிலம். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் பாதை 1909இல் முடிவடைந்தபோது அது ஜொகூர் மாநில இரயில்வே என்றே பெயர் பெற்றது. பாதை ஜொகூருக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது கூட்டு மலாய் மாநில இரயில்வே, குத்தகை அடிப்படையில். பிறையில் ஏறி ஜொகூர் பாருவில் இறங்கிய பயணிக்கு எல்லாம் ஒரே பாதையாகத்தான் தெரிந்திருக்கும். ஆவணங்களிலோ அவர் இரண்டு உரிமையாளர்களின் பாதைகளில் பயணம் செய்திருக்கிறார்.

1918ஆம் ஆண்டின் ஒரு பத்திரம்

நம் வட்டார வரலாற்றில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கிய உரிமை மாற்றம் சிங்கப்பூரில் நிகழ்ந்தது.

சிங்கப்பூர் நகரத்திலிருந்து தீவின் வடகரைவரை சென்ற பாதையைத் தொடுவாய்க் குடியேற்ற அரசாங்கம் தன் செலவில் அமைத்தது. 1903இல் அது திறக்கப்பட்டது. பயணிகள் வடகரையில் இறங்கிப் படகேறி ஜொகூர் நீரிணையைக் கடந்தனர். தொடுவாய்க் குடியேற்றம் வேறு அரசாங்கம், கூட்டு மலாய் மாநிலம் வேறு அரசாங்கம் என்பதைப் பிள்ளைகளுக்கு இங்கே விளக்க வேண்டும். இரண்டையும் ஆட்டிவைத்தவர் ஆங்கிலேயரே என்றாலும் கணக்குப் புத்தகங்கள் வெவ்வேறு. கூட்டு மலாய் மாநில இரயில்வே தீபகற்பம் முழுவதும் பரவிய பின்பு, தீவின் குறுகிய பாதையைத் தனியாக வைத்திருப்பதில் பயனில்லை என்றாயிற்று. 1913இல் விற்பனைக்கான உடன்பாடு ஏற்பட்டது. 1918ஆம் ஆண்டின் சிங்கப்பூர் இரயில்வே மாற்றச் சட்டம் அதனை உறுதிசெய்தது. விலை 41 இலட்சத்து 36 ஆயிரம் வெள்ளி. தண்டவாளமும் நிலையங்களும் மட்டுமல்லாமல், 999 ஆண்டுக் குத்தகை உள்ளிட்ட நில உரிமைகளும் கூட்டு மலாய் மாநிலங்களின் கைக்கு வந்தன.

அன்று அதனை யாரும் பெரிதாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஒரே பேரரசின் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே நடந்த கணக்கு மாற்றம், அவ்வளவுதான். 1923இல் ஜொகூர் பாலத்தின் வழியே இரயில் ஓடத் தொடங்கியது. 1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றை அவை குறிக்கின்றன. அவற்றோடு எஃப், எம், எஸ், ஆர் என்னும் நான்கு எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவை கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். சிங்கப்பூரின் நடுவே நின்ற கட்டடத்தின் நெற்றியில், அது யாருடையது என்பது கல்லிலேயே எழுதப்பட்டிருந்தது.

பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளம்

நிலம் ஓரிடத்தில் கிடக்கும். தண்டவாளம் அப்படியன்று, ஆணிகளைக் கழற்றினால் அது இடம்பெயர்ந்துவிடும். ஜப்பானியர் ஆட்சிக் காலம் இதனை நமக்குக் கொடூரமான முறையில் காட்டிற்று.

கிம்மாசிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரைப் பாதை 1931இல்தான் முழுமை பெற்றிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் பகாங்கின் மெந்தகாப்புக்கும் கிளந்தானின் குவாலா கிராய்க்கும் இடைப்பட்ட நீண்ட பகுதியின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டு சென்றது. தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப்பாதையும் அப்படியே பெயர்க்கப்பட்டது. அது பின்னர் மீண்டும் போடப்படவே இல்லை.

தண்டவாளங்களோடு மனிதர்களும் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு அனுப்பப்பட்டதாகக் கணக்குகள் கூறுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் தோட்டப்புறத்துத் தமிழர். காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் அவர்களில் பல்லாயிரவர் மாண்டனர். "ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தது இதனைத்தான்.

போர் முடிந்தது. அந்தப் பாதை இப்போது யாருடையது? இந்தக் கேள்விக்கும் ஆவணத்தில் விடை இருக்கிறது. 1946இல் பிரிட்டன் அப்பாதையின் சயாம் பகுதியைச் சயாம் அரசாங்கத்துக்கு 12 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு விற்றது. அண்டை நாடுகளிலிருந்து ஜப்பானியர் பறித்துச் சென்ற தண்டவாளம் முதலிய பொருள்களுக்கு ஈடு செய்யவே அந்தத் தொகை என்று கணக்குக் காட்டப்பட்டது. அதாவது, மலாயாவின் இரும்புக்கு உரிமையாளர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஏட்டில் இருந்தது. ஆகவே அந்த இரும்புக்கு விலை கணக்கிடப்பட்டது. அதே பாதையில் புதைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் மிகப் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்களின் கல்லறைகளைக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் காணலாம். நம்மவர்க்கு அப்படி ஒரு வரிசை அமையவில்லை.

பெயர்க்கப்பட்ட கிழக்குக்கரைப் பாதையை முற்றாகச் சீர்செய்து முடிக்க 1954 வரை ஆயிற்று.

ஒரு நாட்டில் இன்னொரு நாட்டின் இரயில்

1965ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1918ஆம் ஆண்டின் அந்தச் சாதாரணப் பத்திரம் ஒரே நாளில் வேறு முகம் கொண்டது. உட்லண்ட்சிலிருந்து தஞ்சோங் பகார் வரை, தீவை ஊடறுத்துச் செல்லும் நிலமும் பாதையும் இப்போது அயல்நாட்டு இரயில்வேயின் உடைமை.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்களுக்குத் தெளிவாக்க வேண்டும். அந்த நிலம் மலேசிய மண்ணாக ஆகிவிடவில்லை. நாட்டின் இறையாண்மை வேறு, நிலத்தின் உடைமை வேறு. ஒருவர் வேற்று நாட்டில் வீடு வாங்கினால் வீடு அவருடையது. சட்டம் அந்த நாட்டினுடையது. இரயில்வே நிலமும் அதைப்போலத்தான். ஆனால் உடைமை இருந்தவரை அதனை எளிதில் அசைக்கவும் முடியவில்லை.

1990ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுடினும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். தஞ்சோங் பகாரிலிருந்து இரயில்வே வெளியேறும். அதற்கு ஈடாக நிலங்கள் கூட்டாக மேம்படுத்தப்படும். மலேசியாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூருக்கு 40 விழுக்காடு என்பது அதன் சாரம். எப்போது வெளியேறுவது, எங்கே நகர்வது என்பதில் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வெவ்வேறு பொருள் கொண்டன. சிக்கல் இருபது ஆண்டு நீடித்தது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசியாவின் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே தொடர்ந்தது. அதனால் வடக்கே செல்லும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவதற்கான சோதனையை முடித்துக்கொண்டு, அதன் பிறகு சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. அக்காலத்தில் அந்த வண்டியில் பயணம் செய்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

2010ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பிரதமர்கள் நஜிப் ரசாக்கும் லீ சியன் லூங்கும் தீர்வு கண்டனர். இரயில்வே நிலங்களுக்கு மாற்றாக மரீனா சவுத்தில் நான்கு மனைகளும் ஓஃபிர்-ரோச்சோரில் இரண்டு மனைகளும் ஒரு கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. அதில் கசானாவுக்கு 60 விழுக்காடும் தெமாசெக்கிற்கு 40 விழுக்காடும் பங்கு. இன்று அங்கே மரீனா ஒன், டுவோ என்னும் மாபெரும் கட்டடங்கள் நிற்கின்றன. பழைய மூன்று மனைகளுக்கு மேம்பாட்டுக் கட்டணம் செலுத்த வேண்டுமா என்னும் எஞ்சிய வழக்கை இரு நாடுகளும் அனைத்துலக நடுவர் மன்றத்திடம் ஒப்படைத்தன. செலுத்த வேண்டியதில்லை என்று 2014 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. இரு அரசுகளும் அதனை ஏற்றுக்கொண்டன. அண்டை வீட்டாரின் வேலித் தகராறு எப்படி முடிய வேண்டும் என்பதற்கு வகுப்பில் காட்டத்தக்க நல்ல சான்று இது.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே அதனைச் செலுத்திச் சென்றார். மறுநாள் முதல் உட்லண்ட்சே முனையமாயிற்று. அதன்பின் நடந்ததுதான் என் கேள்விக்கு நேரடியான விளக்கம்: நிலம் சிங்கப்பூருக்குச் சென்றது, பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்கள் மலேசியாவுக்குத் திருப்பித் தரப்பட்டன. மண்ணும் இரும்பும் வெவ்வேறு சொத்துகள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலாலும் சொல்ல முடியாது. பாதை கிடந்த இடம் இப்போது 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமை நடைபாதை. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

மலேசியாவில் உடைமையாளர் யார்?

இனித் தீபகற்பத்துக்கு வருவோம். 1962இல் கெரெத்தாப்பி தானா மெலாயு என்னும் பெயரைப் பெற்ற நம் இரயில்வே, நெடுங்காலம் அரசாங்கத் துறையாக இருந்தது. நிலமும் பாதையும் வண்டியும் ஊழியரும் அதன் கீழேயே இருந்தனர். 1991ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் இதனைப் பிரித்தது. 1992 முதல் வண்டிகளை ஓட்டும் பொறுப்பு கேடிஎம் பெர்ஹாட் என்னும் நிறுவனத்துக்கு வந்தது. அதன் பங்குகள் நிதியமைச்சின் கையில் இருந்தன. நிலமும் தண்டவாளமும் நிலையங்களும் பெர்பாடானான் அசெட் கெரெத்தாப்பி என்னும் இரயில்வே சொத்துடைமைக் கழகத்திடம் சென்றன. ஆகவே பயணச்சீட்டு விற்பவர் ஒருவர். தண்டவாளத்தின் உடைமையாளர் வேறொருவர்.

இந்தப் பிரிவினை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1994 முதல் பாதை ஒரு நிறுவனத்திடமும் வண்டிகள் பல நிறுவனங்களிடமும் இருந்தன. பாதையை வைத்திருந்த தனியார் நிறுவனம் நொடித்தபின், 2002இல் நெட்வொர்க் ரெயில் அதனை ஏற்றது. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய அம்ட்ராக் என்னும் தேசியப் பயணிகள் இரயில், வாஷிங்டன்-பாஸ்டன் தடத்தின் பெரும்பகுதியைச் சொந்தமாக வைத்திருக்கிறது. பிற இடங்களில் பெரும்பாலும் சரக்கு இரயில் நிறுவனங்களின் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. ஜப்பானில் நிலைமை இதற்கு நேர்மாறு: பயணிகள் இரயில் நிறுவனங்களே பாதையின் உடைமையாளர், சரக்கு இரயில் பெரும்பாலும் அவற்றின் பாதையில் ஓடுகிறது. இந்தியாவிலோ பெரும்பாலும் எல்லாம் அரசாங்கத்தின் ஒரே கையில். எந்த முறை சிறந்தது என்பதில் வல்லுநர்கள் மாறுபடுவர். ஆனால் ஒன்று உறுதி: பாதையின் பக்கத்து நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர், அந்த நிலத்தின் உடைமையாளரே.

பிரிக்பீல்ட்சைப் பாருங்கள். அங்கே இரயில் பெட்டிகள் கோக்கப்பட்ட பழைய முற்றம் 72 ஏக்கர் பரப்புடையது. 1990களில் அந்நிலத்தின் மேம்பாட்டு உரிமையை ஒரு கூட்டு நிறுவனத்துக்கு அளித்து, அதற்கு ஈடாகப் புதிய நிலையத்தைக் கட்டித் தரும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்தது. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. சுற்றிலும் வானளாவிகள் எழுந்தன. செந்தூலில் நூறாண்டு இயங்கிய பணிமனையின் நிலத்தில் பூங்காவும் அடுக்ககங்களும் கலையரங்கமும் வந்தன. வளர்ச்சியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்த இரு வட்டாரங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் யார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பத்திரத்தில் இல்லாதவர்கள்

முதற்பாதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். பின்னர்த் தமிழகத்திலிருந்து வந்தோர் காடு வெட்டினர், மண் சுமந்தனர், சரளைக்கல் கொட்டினர், சிலிப்பர் கட்டைகளைப் புரட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்றோர் வந்து நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். மேடையில் கொடி காட்டியவரும் தமிழர், கேங்மேனாக நாள் முழுதும் கம்பிச்சடக்கில் நடந்து ஆணி சரிபார்த்தவரும் தமிழர். இருவருக்கும் இடையே ஊதியத்திலும் மதிப்பிலும் பெரும் இடைவெளி இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இவர்கள் வாழ்ந்த வீடுகள் இரயில்வேயின் வீடுகள். வேலை உள்ளவரை கூரை உண்டு. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டின் முன் நட்ட மாமரமும் அவருடையதன்று. இதில் சட்டப்படி பிழை ஏதுமில்லை. சட்டப்படி சரியாக இருந்ததனால்தான் பலர் கடைசிவரை அதனைப்பற்றிச் சிந்திக்காமலே இருந்துவிட்டனர் என்பதே என் வருத்தம்.

கோயில்களின் நிலையும் அதுதான். பாதையோரம் ஒரு மரத்தடியில் சூலம் நட்டு, பிறகு தகரக் கூரை போட்டு, பிறகு சிறு கோபுரம் எழுப்பினர். கும்பிட்டவர் பலர், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்தவர் சிலர். பாதை அகலமாக்கப்படும்போது, அல்லது சாலை விரியும்போது, உடைமையாளர் வந்து நிற்பார். சிங்கப்பூர் முனீஸ்வரன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் குவீன்ஸ்வே அருகே பாதையோரத்தில் இரயில்வேத் தொழிலாளர்கள் எழுப்பிய சிறு வழிபாட்டிடம் அது. சாலை விரிவாக்கத்தால் இடம்பெயர நேர்ந்தபோது, அதன் அன்பர்கள் முறைப்படி ஒன்றுதிரண்டு, கோமன்வெல்த் டிரைவில் புதிய கோயிலை எழுப்பி 1998இல் குடமுழுக்கும் கண்டனர். இன்று அக்கோயில் நிமிர்ந்து நிற்கிறது. அத்தகைய அமைப்பும் ஆவணமும் இல்லாத வழிபாட்டிடங்களுக்கு அந்த நற்பேறு எளிதில் கிட்டுவதில்லை.

இப்போது இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1918இல் எழுதப்பட்ட ஒரு பத்திரம் 93 ஆண்டு பத்திரமாகக் காக்கப்பட்டது. பேரரசு போயிற்று, போர் வந்து போயிற்று, நாடு இரண்டாயிற்று. ஆயினும் அந்தத் தாளின் வலிமையால் மலேசியா சிங்கப்பூரின் நடுவே விலைமதிப்பற்ற மனைகளில் பங்கு பெற்றது. அதே பாதையை அமைத்தவர்களிடமோ அப்படி ஒரு தாளும் இல்லை. அவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் அன்று. எழுத்தறிவும் சட்ட அறிவும் அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்ததால்.

"எங்கள் பாட்டன் போட்ட தண்டவாளம்" என்று மேடைகளில் முழங்குகிறோம். உணர்வு உண்மையானது. ஆனால் உழைப்பு ஒருபோதும் தானாக உடைமை ஆகிவிடுவதில்லை என்பதையும் அதே மூச்சில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டால், பெருமிதத்தோடு ஏமாற்றமும் சேர்ந்தே வளரும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களுக்குச் சில எண்ணங்களை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, இரயில் பாடத்தை நடத்தும்போது நாட்டு வரைபடத்தில் பாதைகளை ஆண்டுவாரியாகவும் உடைமையாளர் வாரியாகவும் வெவ்வேறு வண்ணத்தில் வரையச் சொல்லுங்கள். பேராக்குக்கு ஒன்று, சிலாங்கூருக்கு ஒன்று, தனியார் கம்பெனிக்கு ஒன்று, ஜொகூருக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று. ஒரே கோடாகத் தெரிந்த பாதை பல துண்டுகளாகப் பிரிவதை மாணவர்கள் தாமே காண்பார்கள். கிழக்குக்கரையில் பெயர்க்கப்பட்ட பகுதியைப் புள்ளிக்கோடாக இடச் சொல்லுங்கள். அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

இரண்டாவதாக, "யார் கட்டினார்கள்?", "யார் ஓட்டுகிறார்கள்?", "யாருக்குச் சொந்தம்?" என்னும் மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். இரயிலுக்கு மட்டுமன்று, பள்ளிக்கூடம், தோட்டம், கோயில், மண்டபம் எதற்கும் இது பொருந்தும். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தனியார் தோட்ட நிலத்தில் தொடங்கியவை. பள்ளியின் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒவ்வோர் ஆசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் இரயில்வேயில் பணியாற்றியவர் எவரேனும் இருந்திருந்தால், அவருடைய பணி அட்டை, சம்பளச் சீட்டு, ஓய்வூதியக் கடிதம், சீருடைப் பொத்தான், குவாட்டர்ஸ் வாசலில் எடுத்த நிழற்படம் எதுவாயினும் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத நிழற்படம் இரண்டாம் தலைமுறையில் வெறுங்காகிதம் ஆகிவிடும். முதியவர்கள் உயிரோடு இருப்பின், எந்த நிலையத்தில், எந்த ஆண்டில், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவை நிலத்துக்குப் பத்திரம் ஆகா. ஆனால் வரலாற்றில் நம் இடத்துக்கு இவையே பத்திரம்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் உட்லண்ட்சையும் இணைக்கும் புதிய விரைவு இரயிலுக்கு 2020ஆம் ஆண்டு ஜூலையில் இரு நாடுகளும் கையொப்பமிட்டன. அதில் அவரவர் எல்லைக்குள் அமையும் கட்டமைப்பு அவரவர் பொறுப்பு. வண்டியை ஓட்டுவது ஒரு கூட்டு நிறுவனம். உடைமையின் எல்லை நாட்டின் எல்லையிலேயே இம்முறை வரையப்பட்டிருக்கிறது. 1918ஆம் ஆண்டின் அனுபவத்திலிருந்து அரசுகள் பாடம் கற்றுக்கொண்டன. நாமும் கற்றுக்கொள்ளலாமே.

உங்கள் ஊர் நிலையத்தைப் பற்றியும், இரயில்வேக் குடும்பங்களைப் பற்றியும் நீங்கள் அறிந்த செய்திகளை எனக்கு எழுதுங்கள். மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளப் பயன்படும்.